பதில்: லோகோ மாத்திக்கிட்டே இருக்காங்க, மீதிப் பணம் வரல

டிசைன் படிச்சு முடிச்சு சொந்தமா ஸ்டூடியோ ஆரம்பிச்சு, முதல் கிளையன்ட்டே லோகோவ திரும்பத் திரும்ப மாத்தச் சொல்றாரு, பேலன்ஸும் தரல, ஒரிஜினல் ஃபைல வேற கேக்குறாருன்னு எழுதிருக்கீங்க. அந்த ஃபைல இப்ப குடுக்காதீங்க, ப்ளீஸ். பணம் வர்ற வரைக்கும் வாட்டர்மார்க் போட்ட சின்ன ஜேபெக் மட்டும் காட்டுங்க. அவர் கெட்டவர்னு நான் சொல்லல, எத்தன தடவ மாத்தலாம்னு முதல்லயே பேசலேன்னா யாரா இருந்தாலும் கேக்கத்தான் செய்வாங்க.

இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க, இதுவரைக்கும் செஞ்சது இவ்வளவு, இன்னும் ஒரு ரவுண்ட் இதே விலைக்கு, அதுக்கு மேல போனா தனி சார்ஜ், முழுப் பணம் வந்ததும் வெக்டர் ஃபைலும் (எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத அந்த ஒரிஜினல்) உரிமையும் உங்களுக்குன்னு. போன்ல பேசினாலும் பேசினத எழுத்துல அனுப்பிடுங்க.

அடுத்த வேலைலேர்ந்து பாதி அட்வான்ஸ் வாங்காம ஆரம்பிக்காதீங்க, கேக்க கூச்சமா இருக்கும்தான், காலேஜ்ல இதெல்லாம் பெரும்பாலும் சொல்லித் தர்றதில்ல, அது உங்க தப்பில்ல. விலை சொல்றப்ப வரையுற நேரத்த மட்டும் பாக்காதீங்க, மீட்டிங், மெயில், சாஃப்ட்வேர் சந்தா, வரி எல்லாம் அதுக்குள்ள அடங்கணும்.

அப்புறம் அந்த லோகோல இருக்குற ஃபான்ட்டுக்கு, அதாவது எழுத்து வடிவத்துக்கு, கமர்ஷியல் லைசென்ஸ் (வியாபாரத்துக்குப் பயன்படுத்துற அனுமதி) இருக்கான்னு பாத்தீங்களா? இலவசமா இறக்குறதுல நிறைய பர்சனல் யூஸுக்கு மட்டும்தான், ஃபைல் குடுக்குறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.