படத்தில் உயிர் இல்லையா? கேமராவை மாற்றும் முன் அறை விளக்கை அணைத்துப் பாருங்கள்

கேள்வி: இரண்டரை ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் கைவந்துவிட்டன. படத்தை மூன்று மூன்று கட்டங்களாகப் பிரித்து, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முக்கியமானதை வைக்கும் மூன்றில் ஒரு பங்கு விதியும் தெரியும். ஆனால் என் படங்களைப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது. ஆறு மாதமாகக் கேமராவைத் தொடவே மனம் வரவில்லை. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு மாறினால் உற்சாகம் தானாக வரும் என்கிறார் நண்பர். மூன்று நாள் படைப்பூக்கப் பயிற்சி முகாம் என்று ஒரு விளம்பரமும் வந்திருக்கிறது. அங்கே எடுக்கும் படங்களை அவர்களே போட்டிக்கு அனுப்பித் தருவார்களாம். எதைச் செய்யலாம்? நான் எடுத்த நான்கு படங்கள், என் கேமரா விவரம், அந்த விளம்பரம் மூன்றையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்பதை உங்கள் மூன்றாவது படத்தை வைத்தே சொல்லிவிடலாம். மற்ற மூன்றும் சூரிய அஸ்தமனங்கள். அவற்றைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது படத்தில் வயதான ஒரு பெண்மணி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார். உங்கள் பாட்டி என்று வைத்துக்கொள்கிறேன். முகம் கட்டக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கச்சிதமாக இருக்கிறது. ஃபோகஸ் பிசகவில்லை. வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஊசியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் கண்ணில் படுவது சுவரில் தொங்கும் காலண்டர். அடுத்து சுவிட்ச் போர்டு. அதற்கடுத்து கதவில் போட்டிருக்கும் துண்டு. நூல் கடைசியில்தான் வருகிறது, அதுவும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை நூலாக.

அந்த இடத்தில் நீங்கள் ஏன் நின்றீர்கள்? காலண்டருக்காக நின்றிருக்க மாட்டீர்கள். பாட்டி கண்ணைச் சுருக்கி, நூல் நுனியை நாக்கில் தொட்டு முறுக்கி, மூன்றாவது தடவையும் தவறவிட்டிருப்பார். என் ஊகம், அதைப் பார்த்துத்தான் நின்றிருப்பீர்கள். மனசு அதைப் பார்த்தது. கை மட்டும் வழக்கம்போல அறை முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

நோக்கம் நோக்கம் என்று எல்லோரும் பேசுவது இவ்வளவுதான். எடுப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். அதில் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். 'பாட்டி' என்பது வாக்கியம் ஆகாது. 'பாட்டிக்கு நூல் பிடிபட மாட்டேன் என்கிறது' என்பது வாக்கியம். சொன்ன உடனே என்ன நடக்கிறது பாருங்கள். காலண்டர் தேவையில்லை, துண்டு தேவையில்லை, பாதி அறை தேவையில்லை. கையும் கண்ணும் ஊசியும் போதும். எவ்வளவு கிட்டே போவது, எந்த நொடியில் அழுத்துவது என்ற இரண்டு கேள்விக்கும் அந்த வாக்கியமே பதில் சொல்லிவிடும்.

வாக்கியம் வரவில்லையா? அன்றைக்கு எடுக்காதீர்கள். ஆறு மாதம் தொடாமல் இருந்தேன் என்று குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். சொல்ல எதுவும் இல்லாத ஆறு மாதத்தில் படம் எடுக்காமல் இருந்தது தப்பே இல்லை.

அடுத்தது ஒளி. உங்கள் படத்தில் இருக்கும் பெரிய கோளாறு இதுதான். ஜன்னல் அழகாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது, கூரையில் எரியும் விளக்கு அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியை ஏற்றி, மறுபாதியை நிழலில் விடும். சுருக்கங்கள், விரல் கணுக்கள், நூலின் முறுக்கு எல்லாம் அந்த நிழலால்தான் தெரியும். மேலே ஒரு விளக்கு எரிந்தால் நிழல் எல்லாம் நிரம்பிப்போய் முகம் தட்டையாகிவிடும். போதாக்குறைக்கு இரண்டு வெளிச்சத்துக்கும் நிறம் வேறு. ஜன்னல் பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் மஞ்சளடிக்கும், அதைச் சரிசெய்தால் இது நீலமாகும். விளக்கை அணைக்க ஒரு நொடி. அந்த நொடியைச் செலவழிக்காமல் மென்பொருளில் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டியை ஜன்னலை ஒட்டியே உட்கார வையுங்கள். முகம் வெளிச்சமாகவும் பின்னால் இருக்கும் சுவர் தானாக இருட்டாகவும் ஆகும். அவரையே அறையின் நடுவுக்கு நகர்த்தினால் முகத்துக்கும் சுவருக்கும் இருக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். அதே ஜன்னல், அதே நேரம், இரண்டு வேறு படங்கள். அதன் பிறகு நீங்கள் நடங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எல்லாம் தெரியும், எதுவும் நிற்காது. பக்கவாட்டில் நின்றால் பாதி முகம். ஜன்னலைப் பார்த்து நின்றால் வெறும் உருவக்கோடு, ஆனால் நூல் மட்டும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். எனக்கு இந்த மூன்றாவது இடம் பிடிக்கும். உங்களுக்கு எது என்பதை உங்கள் வாக்கியத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.

இங்கே கேமரா உங்களுக்கு எதிராக வேலை செய்யும். வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டருக்கு எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கிற குணம் உண்டு. இருட்டு அறையைக் காட்டினால் பிரகாசமாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் ஒரு படி) அல்லது ஒன்றரை ஸ்டாப் கழித்து வையுங்கள், நிழல் நிழலாகவே இருக்கும். போனில் எடுப்பவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. போன் பல ஃப்ரேம்களை எடுத்து ஒட்டி, நிழலை எல்லாம் தூக்கிவிட்டு, 'தெளிவான' படம் என்று நீட்டும். திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்துக் குறைத்துவிட்டு எடுங்கள். நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் அதே ரகம்தான். மாலை வெயிலின் பொன்னிறத்தைக் கோளாறு என்று நினைத்துக் கழுவித் துடைத்துவிடும். பகல் வெயில் அமைப்பில், அதாவது 5500 கெல்வின் வாக்கில், நிறுத்தி வைத்தால் கண்ணில் பட்ட நிறம் படத்திலும் இருக்கும்.

கட்டமைப்பை, அதாவது படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதைப் பற்றி நீங்கள் தெரிந்துவைத்திருப்பதே அதிகம். மூன்றில் ஒரு பங்கு விதியை 1797இல் பெயர் சூட்டி எழுதிவைத்தவர் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர். கிராமப்புறக் காட்சிகளை வரையும்போது நிலத்துக்கும் வானத்துக்கும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பதுதான் அவருடைய கவலை. அப்போது புகைப்படமே பிறக்கவில்லை. இன்றைக்கு அதை ஒரு கட்டம்போட்ட தாளாக்கி, முகம் அந்தப் புள்ளியில் விழவில்லை என்று மதிப்பெண் குறைக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்துக்கு நான்கு நொடி ஒதுக்கி, அந்த நான்கு நொடியில் கட்டத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் கூட்டத்தில் நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் முறை கூப்பிட்டபோது போகவில்லை.

உங்கள் படத்துக்குத் தேவை கட்டம் இல்லை, பின்னணி. வெள்ளை நூலுக்குப் பின்னால் இருட்டு வேண்டும். படத்தின் ஓரத்தில் திறந்த கதவு ஒன்று தெரிகிறது, அதற்கு அப்பால் உள்ளறை இருட்டாக இருக்கிறது. நீங்கள் நின்ற இடத்திலிருந்து மூன்று நான்கு அடி நகர்ந்து, முழங்காலிட்டு, ஊசியின் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவந்திருந்தால் நூல் அந்த இருட்டின் மேல் விழுந்திருக்கும். காலண்டரும் தானாக வெளியே போயிருக்கும். முகம் நடுவில் வந்தாலும் வரட்டும்.

ஒரே ஜன்னலை எத்தனை நாள் எடுப்பது என்று கேட்கத் தோன்றும். யோசஃப் சூடெக் என்ற செக் நாட்டுக்காரர், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், ப்ராக் நகரில் தன் ஸ்டூடியோ ஜன்னலை 1940இலிருந்து 1954 வரை எடுத்திருக்கிறார். கண்ணாடியில் படிந்த ஆவி, வழியும் மழைத்துளி, வெளியே கோணலாக நிற்கும் ஒரு மரம். ஆரம்பித்தபோது ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்தது, வெளியே நினைத்தபடி சுற்றிப் படம் எடுக்கும் காலமில்லை. ஒற்றைக் கையோடு, பெரிய மரக் கேமராக்களை வைத்துக்கொண்டு செய்த வேலை. தேடிப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

இனி அந்த முகாம். அதன் விளம்பரத்தை அனுப்பியதற்கு நன்றி, என் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதில் 'உறுதியாகப் பரிசு பெறும் காட்சிகள்' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? கூலிக்கு அமர்த்திய ஒருவரை உட்காரவைப்பார்கள். புகை போடுவார்கள். மேலே ஒரு ஓட்டை வழியாக ஒளிக்கற்றை இறங்கும். இருபது பேர் தோளோடு தோள் ஒட்டி நின்று, எஃப் எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு என்று பயிற்சியாளர் சொல்லச் சொல்ல வைத்து அழுத்துவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருபது மெமரி கார்டிலும் ஒரே படம். நோக்கம் அவருடையது, ஒளி அவருடையது, கட்டமைப்பும் அவருடையது. உங்களுடையது பணம் மட்டும். சிறு உயிர்களை எடுக்கும் சில முகாம்களில் தவளையையும் பூச்சியையும் குளிரில் வைத்து மரத்துப்போகச் செய்து இலைமேல் ஒட்டவைக்கிற அளவுக்கும் போகிறார்கள். அதில் நின்று படம் எடுத்தால் அந்தப் பாவத்தில் உங்களுக்கும் பங்கு.

சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? நான் ஏற்கெனவே எடுத்த படங்களை உட்கார்ந்து பார்த்துப் பேசுவீர்களா? போன முகாமில் வந்தவர்கள் எடுத்த படங்களைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு வரும் படங்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தால் போனை வைத்துவிடலாம். முகாமோடு இலவசமாகத் தருவதாகச் சொல்லும் 150 பிரீசெட்டுகளையும், அதாவது ஒரே சொடுக்கில் படத்தின் நிறத்தை மாற்றும் ஆயத்த அமைப்புகளையும், பெரிதாக எண்ண வேண்டாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குப் பொருத்தி வைத்தது. உங்கள் ஜன்னலோரப் படத்தில் போட்டால் பாட்டி சாம்பல் பூத்துப்போவார்.

போட்டிக்கு அவர்களே அனுப்புவது இதையெல்லாம்விட ஆபத்து. நுழைவுக் கட்டணம், நடுவில் இருப்பவருக்குக் கமிஷன், அப்புறம் ஏறக்குறைய எல்லோருக்கும் 'இறுதிச்சுற்றுப் படைப்பாளர்' சான்றிதழ், கடைசியில் உங்கள் படம் அச்சான தடித்த புத்தகத்தை நீங்களே காசு கொடுத்து வாங்க வேண்டும். இதுவும் போகட்டும். விதிமுறைகளில் கீழே எங்காவது 'காலவரையறையின்றி, கட்டணமின்றி, பிறருக்கு மாற்றித்தரும் உரிமையோடு' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பரிசு வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் படத்தை அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். என் படம் ஒன்று அப்படித்தான் ஒரு நிறுவனத்தின் விளம்பர அட்டையில் வந்தது. பரிசும் இல்லை, பெயரும் இல்லை. கேட்டபோது பதினான்காவது விதியைக் காட்டினார்கள், கீழே என் கையெழுத்து. படத்தில் இருந்தவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அதைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு வரியும் இல்லை.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொன்னேன். ஒரே ஒரு விதிவிலக்கு, அதை விரிவாகவே சொல்கிறேன். மங்கலான வெளிச்சத்தில் வேகமாக அசையும் ஆட்களை எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால், அதாவது மேடை நடனம், உள்ளரங்க விளையாட்டு, இரவில் வீட்டுக்குள் ஓடும் குழந்தை, இங்கே கருவி உண்மையிலேயே கையைக் கட்டிப்போடும். உங்களிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். முழுதாக ஜூம் செய்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எண் குறையக் குறைய வாய் பெரிது). 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். பழைய லென்ஸில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் கிடைத்த இடத்தில் இதில் ஐந்நூறில் ஒரு பங்கு கிடைக்கும். முதலாவதில் ஆடுபவரின் கை புகைமூட்டம், இரண்டாவதில் விரல்களை எண்ணிக்கொள்ளலாம்.

நண்பர் சொல்லும் ஃபுல் ஃப்ரேமில் என்ன கிடைக்கும்? அதன் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். உங்களுடையது சுமார் 23.5க்கு 15.6. பரப்பளவில் இரண்டேகால் மடங்கு சொச்சம், ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். பத்து மடங்கு தருவது பல நிறுவனங்களின் பட்டியலில் மலிவான லென்ஸ்களில் ஒன்று, இரண்டேகால் மடங்கு தருவது அதைவிடப் பலமடங்கு விலையுள்ள கேமரா, அதற்கேற்ற புது லென்ஸ்கள் தனி. எந்த விற்பனையாளர் இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டுக் காட்டினார்? ஆகவே அந்த விதிவிலக்கில்கூட முதலில் லென்ஸ்தான், அதையும் ஒருநாள் இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ பார்த்துவிட்டு. மேடைக்கு வெகுதூரத்தில்தான் இடம் கிடைக்கும் என்றால் 50 போதாது, 85க்குப் போக வேண்டியிருக்கும். அசையாமல் நிற்கும் ஆளை இரவில் எடுக்க இதெல்லாம் எதற்கு? ஒரு சுவரில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். ஊசியில் நூல் கோக்கும் பாட்டி இந்த விதிவிலக்கில் வர மாட்டார்.

முகாமுக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் மின்னஞ்சலில் ரத்து கேளுங்கள், பணம் கட்டிய ரசீதை இணையுங்கள். 'அடுத்த முகாமுக்கு மாற்றித் தருகிறோம்' என்றுதான் முதல் பதில் வரும். அதற்குச் சரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.