அலமாரி பிதுங்குகிறது, பெட்டி வாங்கலாமா?

கேள்வி: பெட்ஷீட், போர்வை, துண்டு, தலையணை உறை எல்லாம் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. ஒன்றை உருவினால் நாலு சேர்ந்து விழுகிறது. ஆன்லைனில் மூடி போட்ட பெட்டி, தடுப்பு, காற்றை உறிஞ்சி எடுக்கும் பை என்று மொத்த செட்டாகவே விற்கிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நான் கையைச் சுட்டுக்கொண்டவள். இதே வேலைக்காக ஆறு பெட்டி வாங்கினேன். வந்த பிறகு பார்த்தால், மூடியோடு சேர்த்து தட்டின் உயரத்தைவிட இரண்டு விரற்கடை அதிகம். மூடியைக் கழற்றி வைத்தேன். மூடி இல்லாவிட்டால் பெட்டி எதற்கு? இன்று அவற்றில் பழைய சார்ஜர்கள் குடியிருக்கின்றன.

முதலில் அலமாரியைக் காலி செய்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி எண்ணுங்கள். ஒரு கட்டிலுக்கு மூன்று செட் போதும்: ஒன்று மெத்தையில், ஒன்று துவைக்கப் போட்டதில், ஒன்று அலமாரியில். ஆளுக்கு மூன்று துண்டு, விருந்தாளிக்கு இரண்டு. இந்தக் கணக்கைப் போட்டதும் இடப்பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். ஏனென்றால் அந்தக் குவியலில் ஜோடி தொலைந்த தலையணை உறை இருக்கும், எலாஸ்டிக் செத்த விரிப்பு இருக்கும், எப்போதோ விற்றுவிட்ட கட்டிலின் பெட்ஷீட்கூட இருக்கும். சந்தேகமானதை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் கண்ணாடி மாதிரி தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. வெட்டித் துடைக்கும் துணியாக்குங்கள். பழைய துண்டுகளைப் பிராணிகள் காப்பகங்கள் வாங்கிக்கொள்வதுண்டு, கேட்டுப் பாருங்கள்.

மிஞ்சியதை அடுக்க ஒரு வழி எனக்கு நன்றாகப் பலித்தது. விரிப்பையும் ஒரு தலையணை உறையையும் மடித்து, இன்னொரு உறைக்குள் நுழைத்துவிடுங்கள். ஒரு செட், ஒரே பொட்டலம். அதை எடுத்தால் வேறெதுவும் கலையாது. எலாஸ்டிக் விரிப்பு மடிக்கவே வராது என்று பலர் அதைச் சுருட்டி அடைத்துவிடுகிறார்கள். ஒரு மூலைக்குள் கையை விட்டு, பக்கத்து மூலையை அதன் மேல் கவிழ்த்துப் போடுங்கள். மற்ற இரண்டையும் அப்படியே கவிழ்த்து, மேசையில் வைத்துத் தட்டினால் சதுரமாக உட்காரும். ஒற்றைக் கட்டிலா, இரட்டைக் கட்டிலா என்று பிரித்துப் பார்க்காமலே தெரிய, மூலையில் சிவப்பு நூலில் ஒரு தையல், நீல நூலில் ஒரு தையல் போட்டுவிடுங்கள். நான் வாங்கிய எந்த லேபிளும் இந்த நூலைப் போல உழைக்கவில்லை.

அடுக்கை ஒரு முழத்துக்கு மேல் உயர்த்தாதீர்கள். அதற்கு மேல் போனால் சாயும். மடிப்பு வெளியே தெரியட்டும், ஓரங்கள் உள்ளே போகட்டும். துவைத்து வந்ததை அடியில் செருகி, மேலிருந்து எடுங்கள். இல்லாவிட்டால் மேலே இருக்கும் இரண்டே விரிப்புகள் தேய்ந்துகொண்டிருக்கும், அடியில் இருப்பது புதிதாகவே பழசாகும்.

இத்தனைக்குப் பிறகும் பெட்டி தேவைப்பட்டால் தட்டின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். கதவின் கீல் உள்ளே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் கழிக்க வேண்டும். மூடியில்லாத, முன்பக்கம் தாழ்ந்த கூடையே என் தேர்வு. காற்றை உறிஞ்சும் பை, எப்போதாவது எடுக்கும் பருத்தி அல்லது செயற்கை இழை மெத்தைப் போர்வைக்குச் சரி. இறகு அடைத்ததையும் கம்பளியையும் மாதக்கணக்கில் நசுக்கி வைத்தால் பழைய உப்பல் திரும்பாது.

கேள்வி: துவைத்துக் காயவைத்துத்தான் வைக்கிறேன். ஆனாலும் மக்கிய வாடை, மடிப்பில் மஞ்சள் கோடு. அந்துருண்டை அதிகம் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது, போடவும் வேண்டாம். அந்துப்பூச்சியின் புழு தின்பது கம்பளி, பட்டு போன்ற விலங்கு இழைகளை. சுத்தமான பருத்தி பெட்ஷீட்டில் அதற்கு வேலையே இல்லை. பருத்தியை, அதிலும் கஞ்சி போட்டதை, அரிப்பது இராமபாணப் பூச்சி; அதற்குப் பிடித்தது ஈரம். அந்துருண்டையில் நீங்கள் முகர்வதே மருந்தின் ஆவிதான். நாப்தலின் உருண்டையை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் தடை செய்தது. ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், எனவே குழந்தைத் துணிக்கு அருகில் வேண்டவே வேண்டாம். கம்பளிக்கு அவசியம் என்றால் இறுக மூடிய பெட்டிக்குள் போடுங்கள். நாப்தலின் உருண்டையையும், பாராடைகுளோரோபென்சீன் என்ற வேறு மருந்தில் செய்த உருண்டையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இளகித் துணியில் கறை பிடிக்கும்.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அரை ஈரம். கை பட்டால் காய்ந்தது போலத் தெரியும் துண்டின் தையல் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை. இஸ்திரி போட்ட சூட்டோடும் அடுக்காதீர்கள். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் நல்லது, சூடாக்கி உலர்த்தினால் திரும்பப் பயன்படும். கால்சியம் குளோரைடு டப்பா இன்னும் வேகமாக இழுக்கும், ஆனால் உள்ளே தண்ணீராகச் சேரும். கவிழ்ந்தால் துணி பாழ். அதைத் தரைத்தட்டில், துணி படாமல் வையுங்கள்.

மஞ்சள், அலசலில் போகாத வியர்வையும் எண்ணெய்ப்பசையும் சோப்பும் காலப்போக்கில் நிறம் மாறுவதால் வருவது. வண்ணம் பூசாத மரத்தட்டும் அட்டைப்பெட்டியும் அதைக் கூட்டும். தட்டில் வெள்ளைப் பருத்தித் துணி விரித்து அடுக்குங்கள். ஏற்கெனவே மஞ்சளான வெள்ளைப் பருத்தியை, ஆக்சிஜன் ப்ளீச் கரைத்த வெந்நீரில் சில மணி நேரம் ஊறவையுங்கள்.

கேள்வி: 1000 த்ரெட் கவுண்ட் பெட்ஷீட் உண்மையிலேயே நல்லதா? துண்டில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம்மை நம்பலாமா?

பதில்: ஒரு சதுர அங்குலத்தில் பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்குவாட்டு நூல்) இரண்டையும் சேர்த்து எண்ணுவதுதான் த்ரெட் கவுண்ட். நாலு புரி முறுக்கிய ஒரு நூலை நாலாக எண்ணினால் 250 எளிதாக 1000 ஆகிவிடும். நீள இழைப் பருத்தியில் ஒற்றைப் புரியாக நெய்த 200 முதல் 400 வரை உள்ளதே போதும், காற்றும் போகும். பெரிய எண்ணுக்காகப் பணத்தை இறைக்காதீர்கள்.

துண்டில் ஏமாற்றுவது கொஞ்சம் கடினம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு, நீங்களே எடை போட்டுப் பார்க்கலாம். 70க்கு 140 செ.மீ. துண்டின் பரப்பு 0.98 சதுர மீட்டர். 500 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 490 கிராம் நிற்க வேண்டும். வீட்டுத் தராசில் 380 காட்டினால் கேள்வி கேளுங்கள். வாங்கிய பிறகு சாஃப்ட்னர் ஊற்றாதீர்கள். அது இழை மேல் படலமாகப் படிந்து, துண்டு தண்ணீரை உறிஞ்சாது.

கேள்வி: புது எலாஸ்டிக் விரிப்பு ராத்திரியில் மூலையிலிருந்து கழன்றுவிடுகிறது. துணி மட்டமா?

பதில்: துணியில் குற்றம் இருக்காது, ஆழம் போதவில்லை. நீள அகலத்தை மட்டும் பார்த்து வாங்கியிருப்பீர்கள். மெத்தையின் கனத்தை அளந்து, அதோடு அடியில் மடங்க நாலு அங்குலமாவது கூட்டி, அந்த ஆழமுள்ளதை வாங்குங்கள். பருத்தி முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் இடம் விடுங்கள். துவைத்ததைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்க மாட்டார்கள். எனவே பிரித்ததும் மெத்தையில் மாட்டி, நாலு மூலையையும் இழுத்துப் பார்த்துவிட்டு, பில்லையும் அட்டையையும் அதுவரை தூக்கிப் போடாமல் வையுங்கள்.