ஆடிக்காட்டியவரும் ஆய்வாளர்தான்

கேள்வி: சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞர் கேதரின் டன்ஹாமை ஆய்வாளர் என்று எழுதியிருந்தீர்கள். மேற்படிப்பைக்கூட முடிக்காதவர், கரீபியத் தீவுகளின் சடங்காட்டங்களை பாலேயோடு கலந்து நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் காசு பார்த்தவர். அவர் எப்படி ஆய்வாளர்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: காசு பார்த்தாரா? அரசு மானியம் இல்லாமல் கறுப்பினக் கலைஞர்களின் நடனக் குழு ஒன்றை வருடக்கணக்கில் நாடு நாடாக இழுத்துக்கொண்டு போனவர் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

மேற்படிப்பை முடிக்கவில்லை, சரி. ஆனால் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். ரோசன்வால்ட் உதவித்தொகைக் குழு என்ன ஆய்வு செய்யப்போகிறாய் என்று கேட்டதும் மேல்கோட்டைக் கழற்றிவிட்டு அங்கேயே ஆடிக்காட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். பணம் கிடைத்தது. 1935-ல் ஜமைக்கா மலையில் அக்கம்பாங் என்ற ஊருக்குப் போனார், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்களின் வழிவந்த மரூன்கள் வாழும் ஊர். அவர்களுடைய கொரமாந்தி போர் நடனத்தைப் பார்க்க வேண்டும் என்று தவம் கிடந்தார், லேசில் காட்டவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் ஊரோடு ஊராக இருந்து, கிளம்பும் நேரம் நெருங்கியபோதுதான் கண்ணில் பட்டது, அப்போதும் ஓரமாக நின்று குறிப்பெடுக்காமல் கூடவே இறங்கி ஆடினார். அப்புறம் ஹைட்டி. அங்கே வூடூ சமயத்தில் தீட்சையே வாங்கிக்கொண்டார்.

கலப்படம் என்கிறீர்கள். 1938-ல் சிகாகோவில் அரங்கேறிய அவருடைய ‘லாக்யா’ என்ற நடன நாடகத்தை எடுத்துக்கொள்வோம். மார்டினிக் தீவில் ஒரு மீனவக் கிராமம், ஒரு பெண்ணுக்காக மோதும் இரண்டு ஆண்கள், நடுவில் ஜோம்பி ராஜா வேறு. சுத்த மசாலா, மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் வரும் சண்டை இருக்கிறதே, அது அந்தத் தீவின் லாட்ஜா. தோல் மேளம் முழங்க, இருவர் உடம்பைத் தாழ்த்திச் சுற்றி வந்து, அடிக்கப்போவதுபோல் போக்குக் காட்டி, எதிராளி அசந்த நொடியில் காலை வீசுவார்கள். சண்டையா ஆட்டமா என்று பிரிக்க முடியாது. 1936-ல் மார்டினிக்கிலேயே அதைக் கேமராவில் பிடித்து வந்தவர் அவர், மேடையில் வந்தது அங்கே பார்த்த அசைவுதான். அந்தப் படச்சுருள் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

இன்னொன்று. 1992-ல் ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பியபோது, அதை எதிர்த்து 82 வயதில் 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். மேற்படிப்பை ஒழுங்காக முடித்த எத்தனை பேர் தாங்கள் ஆய்வு செய்த ஊருக்காகப் பட்டினி கிடந்தார்கள் என்று விசாரித்து எழுதுங்கள், அதையும் போடுகிறோம்.