மாதக்கணக்கில் சேர்த்தது ஒரே வாரத்தில் போனது ஏன்?

கேள்வி: வட்டி குறைந்த நாணயத்தில் கடன் வாங்கி, வட்டி அதிகமுள்ள நாணயத்தில் போட்டு வைத்தேன். பதினெட்டு மாதம் சிறுகச் சிறுக லாபம். பிறகு ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டது. என் முறை தவறா, சந்தை திடீரென்று ஆட்டம் போட்டதுதான் காரணமா?

பதில்: நீங்கள் செய்ததற்குப் பெயர் கேரி டிரேட். அதில் வரும் வட்டி வித்தியாசம் சும்மா கிடைப்பதல்ல, விலை பெரிதாக ஆடினால் அந்த அடியை நான் தாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டதற்கான கூலி. பதினெட்டு மாதம் கூலி வாங்கினீர்கள், அப்புறம் அடி வந்தது.

2008 ஜூலையில், வட்டி அதிகமிருந்த ஆஸ்திரேலிய டாலர் ஒன்று, வட்டி குறைந்த ஜப்பானிய யென்னில் 100க்கு மேல், அக்டோபரில் 60க்கும் கீழே. 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை வெறும் 0.25 சதவீதத்துக்குத்தான் உயர்த்தியது, ஆனால் யென்னில் கடன் வாங்கியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் யென் வாங்கிக் கடனை அடைக்க ஓட, அந்த ஓட்டமே யென்னை இன்னும் ஏற்றிவிட்டது. அந்த ஜூலை தொடக்கத்தில் 161 யென்னைத் தாண்டியிருந்த அமெரிக்க டாலர், ஆகஸ்ட் 5 அன்று 142 பக்கம் வந்து நின்றது.

லெவரேஜ், அதாவது கைப்பணத்தைப் போல் பல மடங்கு தொகைக்குக் கடனில் வாங்குவது, சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசம். வட்டி வித்தியாசம் 4 சதவீதம், லெவரேஜ் 5 மடங்கு என்றால் வருடத்துக்கு 20 சதவீதம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! விலை 10 சதவீதம் எதிராகத் திரும்பினால் நீங்கள் போட்ட பணத்தில் பாதி காலி. அதை மீட்க, மிச்சமிருப்பதை இரண்டு மடங்காக்க வேண்டும்.

இதே ஆட்டம் டிரெண்டைப் பின்தொடர்பவர்களுக்கு, அதாவது விலை போகும் திசையிலேயே பணம் போடுபவர்களுக்கு, நல்ல அறுவடை, விலை ஒரே பக்கமாக ஓடும்வரை. காலையில் மேலே, மாலையில் கீழே என்று இழுத்தடித்தால் அவர்களுக்கும் நஷ்டம்தான்.

என்ன செய்யலாம்? தினசரி ஏற்ற இறக்கம் இரண்டு மடங்கானால் லாட் அளவை, அதாவது ஒரு வர்த்தகத்தில் போடும் அளவை, பாதியாக்குங்கள். கேரி டிரேட் செய்பவர்கள் பெரும்பாலும் இதற்கு நேரெதிர், சந்தை அமைதியாக இருக்கிறதே என்று லாட்டை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

ஸ்டாப் லாஸ், அதாவது விலை குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் தானாக விற்று நஷ்டத்தை நிறுத்தும் உத்தரவு, போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் சரி. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தானே காத்து வந்த எல்லையை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே. 1.20க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் போட்டிருந்த பலருக்கு அந்த விலையே கிடைக்கவில்லை, சிலர் கணக்கில் போட்ட பணத்தையும் தாண்டிக் கடன்பட்டார்கள்.