மாட்டெருவும் பச்சை வல்லாரையும்

கேள்வி: ஐயா, தோட்டத்து மாட்டுக்கொட்டகைச் சாணத்தை வீட்டுப் பாத்தியில் இட்டு வல்லாரையும் வெள்ளரியும் வளர்க்கிறேன். உலாமாக (சோற்றோடு உண்ணும் மலாய்ப் பச்சைக் கீரை, காய் வகை) பச்சையாக உண்பதில் கேடு உண்டா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: சாணத்தை மக்கவைக்காமல் இட்டால் உண்டு. நலமாகத் தோன்றும் மாட்டின் குடலிலும் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி இருக்கக்கூடும். கோழியெருவில் சால்மோனெல்லா என்ற கிருமி வரலாம். இவை மண்ணில் பல வாரங்கள், சிலவேளை மாதக்கணக்கிலும் உயிர்த்திருந்து, நம் பிற்பகல் மழை அடிக்கும்போது சேற்றுத்துளியோடு தெறித்து இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்கின்றன. தரையோடு படரும் வல்லாரைக்குத்தான் ஆபத்து மிகுதி. பந்தலில் தொங்கும் வெள்ளரிக்குக் குறைவு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிராயின் மக்காத எருவிட்டு 120 நாளும், தொடாததாயின் 90 நாளும் கழித்தே அறுவடை செய்யச் சொல்கின்றன. கீரைக்கு அவ்வளவு காத்திருப்பது நடவாத காரியம். ஆகவே சாணத்தைக் காய்ந்த இலைதழையோடு குவித்து, உள்ளே 55 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்குமாறு, இடையில் ஐந்து முறையேனும் புரட்டி மக்கவைப்பதே சரியான வழி. வெயிலில் காய்ந்த வறட்டி மக்கிய எரு ஆகாது. உப்புநீரில் ஊறவைத்தால் புழு விழும், கிருமி முழுதும் போகாது. ஓடும் நீரில் கழுவினாலும் குறையுமே தவிர ஒழியாது. வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், வல்லாரையை நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.