டீச்சரிடம் கேளுங்கள்

(பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் கணவர், கொத்தனார், ஆறு மாதத்துக்கு முன் இறந்துவிட்டார். எட்டு வயதில் மகன், ஆறு வயதில் மகள். "ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் அக்கா" என்று அழுகிறாள். எங்களுக்குத் தெரிந்த இல்லம் ஒன்று இருக்கிறது. சேர்த்துவிடலாமா?
— வாசகி, கே.டி.சி. நகர்

பொறுங்கள் அம்மா. முதலில் அவளை உட்காரவைத்து ஒரு காபி கொடுத்து, என்ன கஷ்டம் என்று கேளுங்கள். வாடகை பாக்கி, காலை ஆறரைக்கு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் பிள்ளைகளைக் கிளப்பி அனுப்ப ஆள் இல்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. அப்பாவைப் பறிகொடுத்த கையோடு அம்மாவையும் விட்டுப் போன பிள்ளையைத் தேற்றத்தான் எனக்கு வழி தெரியவில்லை. என் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கணவனை இழந்த தாயோடு வளரும் பிள்ளைக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி இருக்கிறது. நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று, இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளியில் படிப்பதற்கான சான்று எல்லாம் கேட்பார்கள். இங்கேதான் நம் ஊர்ச் சனங்கள் மாட்டிக்கொள்வது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'முத்து' என்று இருக்கும், ரேஷன் கார்டில் 'சுடலைமுத்து' என்று இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு நாலு நாள் கூலி போய்விடும். இ-சேவை மையத்துக்கு நீங்கள் கூடப் போங்கள். படித்த ஒருவர் பக்கத்தில் நின்றாலே ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குரல் தணிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை.

இன்னொன்று கொஞ்சம் கசக்கும். அவளுடைய வேலை நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றிக்கொடுங்கள். பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குள் இருப்பதால், அரசுப் பள்ளியானால் மணி அடிப்பதற்கு முன்பே அங்கே காலை உணவு உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து நகரத்து அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் காபிப் பாத்திரம் மூன்று மணி நேரம் தொட்டியில் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

உண்மையிலேயே வேறு கதி இல்லை என்றாலும் 'தெரிந்த இல்லம்' என்று கொண்டுபோய் விடக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, அவர்கள் ஆணைப்படிதான் சேர்க்க வேண்டும். பதிவு பெறாமல் இல்லம் நடத்துவது 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வண்ணாரப்பேட்டை சிக்னலில் பேனா விற்கும் சிறுமியிடம் வாங்கலாமா?
— வாசகர், தச்சநல்லூர்

பேனாவை விடுங்கள். 1098-க்குப் போன் செய்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். காசு செலவில்லை.

மகனின் முதல் பிறந்தநாளை ஓர் இல்லத்துப் பிள்ளைகளோடு கேக் வெட்டிக் கொண்டாடப் போகிறோம். படங்களை வாட்ஸ்அப்பில் போடலாமா?
— வாசகர், பெருமாள்புரம்

போடக் கூடாது தம்பி. அந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், உங்கள் மகன் இலையில் சோற்றுக்குக் கை நீட்டுவதை முன்பின் தெரியாத ஒருவர் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினால் விடுவீர்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லம் ஒன்றுக்குப் போயிருந்தேன். "இன்றைக்கு மூணாவது கேக் டீச்சர்" என்றான் ஒருவன், சலிப்போடு. ஞாயிற்றுக்கிழமை கேக்குக்குப் பஞ்சமே கிடையாது. ஜூன் மாதம் செருப்புக்கும், மழைக்காலத்தில் போர்வைக்கும்தான் தட்டுப்பாடு. என்ன தேவை என்று வார்டனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பேசாமல் வீட்டுக்கு வந்து கேக் வெட்டுங்கள்.

எங்கள் தெருவில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கின்றன. ஏழெட்டுப் பிள்ளைகள் நாள் முழுவதும் ஜல்லி மேட்டில்தான் விளையாடுகிறார்கள். பக்கத்துப் பள்ளியில் டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
— வாசகி, பாளையங்கோட்டை

அப்படித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். டி.சி. வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி இடம் மறுக்கக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் உட்காரவைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போங்கள். அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது.

மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். என்னிடம் படித்த ஒடியாச் சிறுவன் ஒருவன் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. மூன்றாம் மாதம் பக்கத்தில் இருந்தவனை "ஏல" என்று அதட்டினான். அன்றைக்கே எனக்குக் கவலை தீர்ந்துவிட்டது.

நான் பீடி சுற்றுகிறவள். மகளும் மருமகனும் தவறிவிட்டார்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் பேரன் என்னிடம் இருக்கிறான். எனக்குக் கண் சரியாகத் தெரியாததால் ராத்திரியில் அவன்தான் இலை வெட்டித் தருவான். வகுப்பில் தூங்குகிறானாம். அவனை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களா? (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது)
— மேலப்பாளையம்

பயப்படாதீர்கள் அம்மா. ஏழ்மை என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் பிரிக்க மாட்டார்கள். இல்லம் என்பது கடைசி வழிதான் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் இலை வெட்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். கட்டு குறையும், கூலி குறையும், தெரியும். இரவெல்லாம் தூள் நெடியில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்கு நெஞ்சும் கெடும், படிப்பும் கெடும்.

தாய் தகப்பன் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கு 'அன்புக் கரங்கள்' என்று 2025 செப்டம்பரில் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். மேலே சொன்ன 4,000 ரூபாய்த் திட்டமும் ஆச்சியிடம் வளரும் பிள்ளைகளுக்கு உண்டு. இரண்டில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டுவிடுவோம். கண்ணை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். புரை என்றால் அறுவைச் சிகிச்சைக்கு அங்கே காசு கேட்க மாட்டார்கள்.

கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மனு வாங்குவார்கள். வரும் திங்கள் காலை பத்து மணிக்கு வாசலில் நிற்பேன். கையில் நீலக் குடை இருக்கும். இறப்புச் சான்று இரண்டையும் எடுத்து வாருங்கள். பேரனை அழைத்து வர வேண்டாம், அவனுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம்.