முழு எண் வாக்கியக் கணக்குகளை நேரத்துக்குள் போட்டு முடிப்பது எப்படி?

நிதானமாக உட்கார்ந்தால் முழு எண் வாக்கியக் கணக்குகள் எல்லாம் வருகின்றன, தேர்வில் கடிகாரம் ஓடும்போது மட்டும் ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிமிடத்தைத் தின்றுவிடுகிறது, தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வகைக் கணக்குகளை மாணவர்களுக்குப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். நேரம் போவது கூட்டல் பெருக்கலில் இல்லை. வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுகிற இடத்தில் கொஞ்சம் போகிறது. விடை முழு எண்ணாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் அந்தத் தகவலைத் தொடாமலே விட்டுவிடுவதில் அதைவிட நிறையப் போகிறது.

இரண்டாவதை முதலில் பார்க்கலாம். ஒரு போட்டியில் எளிய கேள்விக்கு 7 புள்ளி, கடினமான கேள்விக்கு 11 புள்ளி. ஒருவர் மொத்தம் 100 புள்ளி எடுத்தார். எத்தனை கடினமான கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்?

தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்றுதான். இந்த இடத்தில்தான் பலர், ஏதோ தகவல் விட்டுப்போச்சு என்று நினைத்துக் கேள்வியை மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. கேள்விகளின் எண்ணிக்கை பின்னமாக இருக்க முடியாது என்பதே இன்னொரு சமன்பாட்டின் வேலையைச் செய்யும். 100-லிருந்து 11, 11 ஆகக் கழித்துக்கொண்டே வாருங்கள்: 89, 78, 67, 56. நின்றுவிடுங்கள், 56 ஏழால் வகுபடும். நான்கு முறை கழித்தோம், ஆகவே கடினமானவை 4, எளியவை 8. வேறு விடை இருக்குமோ என்ற சந்தேகம் வரும். அடுத்த விடைக்கு, மீதி மறுபடி ஏழால் வகுபட, கடினமானவை 7 கூட வேண்டும், அதாவது 11 ஆக வேண்டும். அதற்கே 121 புள்ளி ஆகிவிடும், எனவே கிடையாது. கழிக்கும்போது பெரிய எண்ணைக் கழியுங்கள். இதே கணக்கில் 7, 7 ஆகக் கழித்திருந்தால் 44-க்கு வந்து சேர எட்டு அடி ஆகியிருக்கும்.

எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று ஒரு பார்வை பார்ப்பதும் இந்த வகைதான். 6-ன் மடங்கையும் 10-ன் மடங்கையும் கூட்டினால் 95 ஒருநாளும் வராது. அடுத்தடுத்த இரண்டு முழு எண்களின் பெருக்கல் பலன் எப்போதும் இரட்டைப்படைதான். தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றிரண்டு இப்படியே அடிபட்டுப் போகும்.

சரி, சமன்பாடு எழுதும் இடத்துக்கு வருவோம். அடுத்தடுத்த எண்கள் என்று கேள்வி வந்தால் பல புத்தகங்கள் முதல் எண்ணை மாறியாக எடுக்கச் சொல்கின்றன. நான் நடு எண்ணை எடுக்கச் சொல்வேன். அடுத்தடுத்த மூன்று முழு எண்களின் வர்க்கங்களின் கூடுதல் 365 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணை மாறியாக எடுத்தால் ஓர் இருபடிச் சமன்பாடு வரும், அதைக் காரணிப்படுத்த வேண்டும். நடு எண்ணை ந என்று எடுத்தால் எண்கள் ந–1, ந, ந+1. வர்க்கப்படுத்திக் கூட்டும்போது 2ந-வும் –2ந-வும் ஒன்றையொன்று அடித்துவிடும், 3ந² + 2 = 365 என்று நிற்கும். ந² = 121. எண்கள் 10, 11, 12. பேனா எடுக்காமலே போடலாம்.

ஆனால் இதே கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. கேள்வி 'முழு எண்கள்' என்றது, 'மிகை முழு எண்கள்' என்று சொல்லவில்லை. –12, –11, –10 என்ற எண்களுக்கும் வர்க்கங்களின் கூடுதல் 365தான். "இவற்றில் மிகச் சிறிய எண் எதுவாக இருக்கலாம்?" என்று கேட்டிருந்தால் –12 விடைகளில் கட்டாயம் உட்கார்ந்திருக்கும். வர்க்கமோ பெருக்கல் பலனோ வருகிற எந்தக் கணக்கிலும், குறை எண்ணுக்கு இடம் இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு மேலே போங்கள். இந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்கவே கூடாது.

கூடுதல் மட்டும் கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். அடுத்தடுத்த ஐந்து இரட்டைப்படை எண்களின் கூடுதல் 270 என்றால் நடு எண் 54, பெரியது 58. எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் சராசரி இரண்டு எண்களுக்கு நடுவே விழும்: அடுத்தடுத்த நான்கு முழு எண்களின் கூடுதல் 94 என்றால் சராசரி 23.5, எண்கள் 22 முதல் 25 வரை.

ஈரிலக்க எண்ணைத் திருப்பிப் போடும் கணக்குக்கு ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும். எண்ணுக்கும் திருப்பிப் போட்ட எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், இலக்கங்களின் வித்தியாசத்தைப் போல் 9 மடங்கு. இலக்கங்களின் கூடுதல் 12, திருப்பினால் 36 கூடுகிறது என்றால் இலக்கங்களின் வித்தியாசம் 4. கூடுதல் 12, வித்தியாசம் 4, ஆக 8-ம் 4-ம். திருப்பினால் கூட வேண்டும் என்பதால் எண் 48.

எனக்கு மிகவும் பிடித்த முறை 'எல்லாமே ஒரே வகைதான் என்று வைத்துக்கொள்வது'. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும், 25 கேள்விக்கும் விடையளித்த ஒருவர் 65 எடுத்தார், எத்தனை தவறு? எல்லாம் சரி என்று வைத்தால் 100. 35 குறைகிறது. ஒரு கேள்வி சரியிலிருந்து தவறுக்கு மாறும்போது எவ்வளவு குறையும்? வர வேண்டிய 4-ம் போய், மேற்கொண்டு 1-ம் போகும், மொத்தம் 5. ஆகவே தவறு 7, சரி 18. இங்கே 5 என்பதற்குப் பதிலாக 4 என்றோ 1 என்றோ எடுத்துவிடுவதுதான் நான் மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. 35-ஐ 4 வகுக்காது என்பதைப் பார்த்ததுமே உஷாராகிவிடலாம். முழு எண்தான் விடை என்பது இங்கேயும் காவலுக்கு நிற்கிறது.

வகுத்தால் வரும் மீதியைக் கொடுத்து எண்ணைக் கேட்கும் கணக்குகளை இந்தியக் கணிதம் மிகப் பழங்காலத்திலேயே எடுத்துப் பேசியிருக்கிறது. ஆரியபட்டர் 5-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இவற்றுக்குப் பொதுவான ஒரு முறையைச் சொல்லிவிட்டார், அதற்குக் குட்டகம் என்று பெயர். தேர்வில் வருபவை பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. 5-ஆல் வகுத்தால் மீதி 3, 6-ஆல் 4, 7-ஆல் 5 என்று கொடுத்து மிகச் சிறிய எண்ணைக் கேட்டால் மீதியைப் பார்க்காதீர்கள், அடுத்த மடங்குக்குக் குறைவதைப் பாருங்கள். மூன்றிலுமே 2 குறைகிறது. மீச்சிறு பொது மடங்கு 210, அதில் 2 போனால் 208. முடிந்தது.

எண்ணிக்கைக் கணக்கில் ஒன்று கூடுவது, குறைவது தனித் தொல்லை. 17 முதல் 53 வரை, இரண்டையும் சேர்த்து, 37 எண்கள், 36 இல்லை. 120 மீட்டர் பாதையின் ஓரத்தில் இரு முனைகளையும் சேர்த்து 8 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் 16 கம்பம். 250 பேரை 48 பேர் அமரும் வண்டிகளில் ஏற்ற 6 வண்டி வேண்டும், வகுத்தால் 5-க்குச் சற்று மேல் வந்தாலும்.

விடைகள் கொடுத்திருக்கிற தேர்வு என்றால், கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். பெரிய எண்ணைக் கேட்கிறார்களா, கூடுதலைக் கேட்கிறார்களா என்று தெரிந்துகொண்டு அப்புறம் மேலே போங்கள். கூடுதலைக் கேட்டிருக்கும்போது இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது வீண் வேலை. அரை நிமிடத்தில் சமன்பாடு தோன்றாவிட்டால் விடைகளைப் போட்டுப் பாருங்கள். அவை ஏறுவரிசையில் இருந்தால் நடுவில் உள்ள ஒன்றிலிருந்து தொடங்கினால், அதிகமா குறைவா என்று பல நேரம் தெரிந்துவிடும், ஒரு பக்கம் முழுவதும் அடிபடும். சரிபார்க்கும்போது விடையை நீங்கள் எழுதிய சமன்பாட்டில் போடாதீர்கள், கேள்வியின் வாக்கியத்திலேயே போடுங்கள். சமன்பாடே தப்பாக இருந்தால் அதில் போட்டுப் பார்த்து என்ன பயன்?

மூன்று வாரத்துக்கு நான் சொல்வது இதுதான். முதல் வாரம் கணக்கைப் போடவே வேண்டாம். பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு வாக்கியக் கணக்குக்கும் சமன்பாட்டை மட்டும் எழுதி, பக்கத்தில் 'விடை ஒற்றைப்படையா, எதனால் வகுபட வேண்டும், குறை எண் வரலாமா' என்று தெரிந்ததைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். இதில் கை பழகிய பிறகு இரண்டாவது வாரம் விடை வரை போடுங்கள், கடிகாரம் இல்லாமல். கடைசி வாரம்தான் நேரம் வைத்து முழு வினாத்தாள். அதிலும் முதல் சுற்றில், படித்ததும் வழி தெரிகிற கணக்குகளை மட்டும் போடுங்கள். மற்றதுக்கு ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, முழுத் தாளும் ஒருமுறை முடிந்த பின் திரும்பி வாருங்கள்.